போர்வெல் தண்ணீருக்கு ஃபில்டர் வாங்கும் முன்

எங்கள் தர்மபுரிப் பக்கம் ஃபில்டர் விற்க வருகிறவர் பையிலிருந்து முதலில் எடுப்பது டிடிஎஸ் மீட்டர்தான். தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டுவார், நாமும் மிரண்டுபோவோம். அது மொத்த உப்பின் அளவு. அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. இங்கே பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏற்றுவதும், வருடக்கணக்கில் குடித்தவர்களின் முதுகையும் மூட்டையும் இறுக்குவதும் அந்த ஃபுளோரைடுதான். ருசியிலும் வாசனையிலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் மெஷினுக்கு முன் பரிசோதனைக்குச் செலவு செய்யுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு பார்க்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்று என் மாமியார் இன்னமும் நம்புகிறார். காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். புற ஊதா ஒளி பாய்ச்சும் யூவி மெஷினும் கிருமிக்கு மட்டும்தான். இதற்கு, மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கிற ஆர்ஓ வேண்டும். ஆனால் ருசிக்காக என்று சில ஆர்ஓ மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பார்கள். அது வடிகட்டாத போர்த் தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கிற திருகு! மாட்ட வருகிறவரிடம் அதை முழுக்க மூடச் சொல்லுங்கள். பிறகு மெஷினிலிருந்து வரும் தண்ணீரையும் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சோறும் பருப்பும் அதே தண்ணீரில்தான் வேகவேண்டும். குடிக்க மட்டும் ஆர்ஓ என்பது பாதிக் கிணறு தாண்டுவது. கழிவாக வெளியேறும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் அதிகம். கழிவறைக்கு ஊற்றலாம், மாட்டுக்கு வைக்காதீர்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், அதாவது காவிரித் தண்ணீர், உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருகிறதா? அப்படியானால் மெஷினை மறந்துவிட்டு, மூடியுள்ள ஒரு நல்ல டிரம் வாங்குங்கள். மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரோடு கலக்கவிடாமல், குழாயிலிருந்து நேராக அதில் பிடித்து வையுங்கள். வராத நாட்களில் அளந்துதான் தரமுடியும் என்றால், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். அவர்களுக்கு நிலைப்பற்கள் உள்ளே உருவாகிற வயது அது.