பழைய சொகுசு காரை ஓட்டிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சொகுசு காரை ஓட்டிப் பார்க்கப் போகிறவர்களில் பலர், ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே மனதுக்குள் அதை வாங்கிவிடுகிறார்கள். கதவு கனமாக மூடும் ஓசை, முதுகைத் தாங்கிக்கொள்ளும் இருக்கை, பக்கத்தில் லாரி போனாலும் உள்ளே கேட்காத அமைதி. சிக்கல் அந்த அமைதியில்தான் இருக்கிறது. சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருப்பதற்காகவே கட்டிய கார் இது. அடுக்குக் கண்ணாடி, திரவம் நிரப்பிய இன்ஜின் மவுன்ட், தடித்த கம்பளம் எல்லாம் சாலை இரைச்சலோடு சேர்த்துப் பழுதின் சத்தத்தையும் அமுக்கிவிடும். சின்னக் காரில் கடகடவென்று காட்டிக்கொடுக்கிற கோளாறு, இதில் லேசான முனகலாகத்தான் கேட்கும். அதனால் டெஸ்ட் டிரைவில் நாம் தேடிப் போய்த்தான் அதைக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. வயது ஏற ஏறக் காரின் விலை இறங்கும். அதன் கியர்பாக்ஸ் விலையும், காற்றுப் பைகள் மேல் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் விலையும் அப்படி இறங்காது. காரின் விலையைப் பார்த்து 'கட்டுப்படியாகும்' என்று கணக்குப் போடுகிறவர், உதிரிபாகத்தின் விலையைப் பார்த்துக் கணக்குப் போட மறந்துவிடுகிறார்.

சரி, எல்லோரும் முதலில் செய்யும் தவறு, சூடாக இருக்கும் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. நண்பர் ஒருவருக்காக ஒரு காரைப் பார்க்கப் போயிருந்தேன். "நீங்க வர்றீங்கன்னு ஏசி போட்டு ரெடியா வெச்சிருக்கேன் சார்" என்றார் விற்பவர். பானெட்டில் கை வைத்தேன். நல்ல சூடு. அன்று வண்டி வெண்ணெய் போல ஓடியது. மறுநாள் காலை மீண்டும் போய், எங்கள் கண் முன்னால் முதல் ஸ்டார்ட் போடச் சொன்னோம். முதல் மூன்று, நான்கு நொடி, தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை, பழையபடி அமைதி.

அது டைமிங் செயினின் சத்தம். இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி அது. பல இன்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற இன்ஜினில் ஆயில் கீழே இறங்கிவிடுவதால், ஸ்டார்ட் ஆகி அழுத்தம் ஏறும்வரை தேய்ந்துபோன செயின் தளர்ந்து ஆடும். சூடான இன்ஜினில் இந்தச் சத்தம் பெரும்பாலும் கேட்காது. அதனால் குளிர்ந்த ஸ்டார்ட் கிடைக்காவிட்டால் டெஸ்ட் டிரைவை வேறு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட் போடும்போது ஒருவர் காரின் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கட்டும். குளிர்ந்த வேளையில் வெண்ணிற ஆவி வந்து சீக்கிரமே மறைந்தால் பயமில்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

அடுத்தது டேஷ்போர்டு. 'எந்த விளக்கும் எரியவில்லை, அதனால் பழுதில்லை' என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து காட்ட வேண்டும். பிறகு அணைய வேண்டும். எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லை என்றால், யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். பழுதை மறைக்க அதைவிடச் சுலபமான வழி, காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளை, நீங்கள் வருவதற்கு முன் ஸ்கேனரால் அழித்துவிடுவது. இதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. குறியீடுகளை அழித்தால் கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் 'ரெடினஸ்' சோதனைகளும் சேர்ந்து அழிந்துவிடும். அவை மறுபடி நிறைவேற, பலவிதமான ஓட்டத்தில் நல்ல தூரம் ஓட வேண்டும். ஸ்கேனரைச் செருகியதும் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். கையடக்கமான சாதாரண ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் பக்கத்தை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன், ஏர்பேக் போன்றவற்றின் குறியீடுகளைப் படிக்க அந்தந்தக் கம்பெனிக் கார்களுக்கு உரிய ஸ்கேனர் வேண்டும். அது வைத்திருக்கும் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவே இல்லை.

ஏர் சஸ்பென்ஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் என்ற ஏர் சஸ்பென்ஷன் வந்தது 1998இல். அதற்குப் பிறகு பல சொகுசுக் கார்களில் ஸ்பிரிங்கின் இடத்தில் காற்று நிரப்பிய ரப்பர் பை வந்துவிட்டது. ரப்பர் வயதானால் மடிப்புகளில் வெடிப்பு விடும், காற்று மெல்லக் கசியும். பை அடிக்கடி இறங்குவதால் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி, கடைசியில் அதுவும் போய்விடும். டெஸ்ட் டிரைவின்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இன்ஜின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை நிரப்பிக் காரை நிமிர்த்தி வைத்திருக்கும். பார்க்க வேண்டியது ஓட்டுவதற்கு முன்னால். இரவு முழுதும் நின்ற காரின் நான்கு டயருக்கும் மேலே, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் விரல்களை வைத்து அளந்து பாருங்கள். மூன்று பக்கம் நான்கு விரல் நுழைந்து, ஒரு பக்கம் இரண்டே விரல் நுழைந்தால் அந்த மூலையில் காற்று இறங்குகிறது. உயரத்தை மாற்றும் பட்டன் இருந்தால் உச்சத்துக்கு ஏற்றி, எவ்வளவு நேரம் எடுக்கிறது, நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

ஓட்ட ஆரம்பித்ததும் பலர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்து பிக்கப்பை ரசிக்கிறார்கள். வேகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் நோய் மென்மையாக மிதிக்கும்போதுதான் வெளியே வரும். மணிக்கு 50 முதல் 80 கிலோமீட்டரில், காலை லேசாக வைத்து, சீராக ஓட்டுங்கள். கரடுமுரடான கோடுகள் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம் வந்து மறைந்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் மீது சந்தேகப்பட வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பாருங்கள். தயங்கித் தயங்கி விழுந்தாலோ, உதைத்துக்கொண்டு விழுந்தாலோ அது நல்ல அறிகுறியில்லை. 'கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பல சொகுசுக் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வழியையும் விற்பவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். வழவழப்பான நேர் சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் எந்தக் காரும் நன்றாகத்தான் இருக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும். பாட்டை நிறுத்தி, ஏசி விசிறியைக் குறைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு மதிலின் ஓரமாக ஓட்டுங்கள். சக்கரத்தின் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும். வேகத்தடையில் 'டொக்' என்றால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் அல்லது ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்று அடித்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் கார் இழுத்து இழுத்துத் திரும்பினால் டயர்களின் தேய்மானத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்ட டயர்கள், முன்-பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும்.

நடுவழியில் ஏதாவது எச்சரிக்கை வந்தால்? "அது சென்சார்தான் சார், ஒண்ணுமில்ல" என்பார்கள். வெறும் சென்சார் என்றால் விற்பதற்கு முன்பே மாற்றியிருக்கலாமே. முகதாட்சண்யத்துக்காகத் தலையாட்ட வேண்டாம். செய்தியை அப்படியே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள், 'வீடு வரைக்கும் போயிடலாம்' என்பது இன்ஜினையே கொன்றுவிடும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் நிறுத்துங்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். இப்படி வண்டி நின்றால் இழுத்துப் போகும் செலவு யாருடையது, ஓட்டுபவருக்கும் இன்சூரன்ஸ் பொருந்துமா என்பதையெல்லாம் சாவியை வாங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

திரும்பி வந்ததும் அணைத்துவிட்டு விலை பேச உட்கார வேண்டாம். ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பல கார்களில் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். உண்மையான கூலன்ட் வெப்பத்தை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும், அது ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். பிறகு அணைத்து, கால் மணி நேரம் கழித்துச் சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, குனிந்து காரின் அடியைப் பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் சொட்டினால் ஏசியின் தண்ணீர். இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ நீலத்திலோ சொட்டினால் பெரும்பாலும் கூலன்ட், பழுப்பாக வழவழப்பாக இருந்தால் ஆயில்.