சட்டக்கொப்பி உள்ள குடியிருப்புக்குப் போவதா? முதலில் போன வருசக் கலண்டரை எடுங்கள்

அம்மாவுக்கு 74 வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாலு பரப்பு (கால் ஏக்கர்) வளவு, கல்வீடு, கிணறு, இரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம், இரவில் ஒரு சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்க அவரைத் தவிர வேறு ஆளில்லை. நான் சைக்கிளில் பத்து நிமிசத் தூரத்தில்தான் இருக்கிறேன், ஆனால் பத்து நிமிசம் பத்து நிமிசம்தானே. போன வருசம் கனடாவிலிருந்து தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். சுற்றிவர மதில், வாசலில் காவலாளி, ஒரே நிறத்தில் வரிசையாக வீடுகள், நடுவில் புல்தரை. "அண்ணை, அம்மா இங்க இருந்தா எனக்கு நித்திரை வரும்" என்றான். யாழ்ப்பாண நகரத்திலிருந்து அதிக தூரமில்லாத இடம், விலையும் அவனுக்குக் கட்டுப்படியானது. எனக்குத்தான் ஒரு சந்தேகம்: அவனுக்கு நித்திரை வரும் சரி, அம்மாவுக்கு வருமா?

அதற்குப் பிறகு அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கொழும்புக்குப் புறத்தே இப்படியொரு இடத்தில் மூன்று வருசம் இருந்த அக்காவின் அனுபவமும் இதில் இருக்கிறது.

முதல் வேலை, சட்டதிட்டக் கொப்பியைக் கையில் வாங்குவது. விற்பவர்கள் மினுமினுப்பான விளம்பரப் புத்தகம் தருவார்கள், அது வேண்டாம். "குடியிருப்பாளர் விதிகள்" என்று ஒன்று கட்டாயம் இருக்கும், அதைத் தாருங்கள் என்று கேளுங்கள். முற்பணம் கட்டிய பிறகு தருகிறோம் என்றால் எழும்பி வந்துவிடலாம், நான் சொல்வது பகிடியில்லை. எனக்கு மூன்றாம் முறை கேட்டபோதுதான் கிடைத்தது, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும்.

வாங்கிய கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். சத்தம் போடாதே, குப்பையைத் தரம் பிரி, வாகனத்தைக் கண்ட இடத்தில் விடாதே. யார் இதற்கு மறுப்புச் சொல்வார்கள்? வாசிக்கும்போது நாம் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அதனால் வேறு விதமாக வாசியுங்கள். குசினிச் சுவரில் தொங்கும் போன வருசக் கலண்டரைக் கழற்றி எடுத்து, தை முதல் மார்கழி வரை உங்கள் வீட்டில் உண்மையில் என்னென்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் என்ன பதில் இருக்கிறது என்று தேடுங்கள்.

எங்கள் தாளில் வந்தது இது. தைப்பொங்கலுக்கு முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டியது: வீட்டுக்கு வெளியே திறந்த நெருப்பு கூடாது. மாசியில் ஒடியல் காயப்போட்டது, பிறகு மிளகாய்: வீட்டு முன்பக்கத்தில் எதையும் உலர்த்தக்கூடாது, உடுப்பும் சேர்த்து. அம்மாவின் ஆறு கோழிகள்: கூடவே கூடாது. மாமரம்: மதிலுக்கு மேலே கொப்பு போனால் நிர்வாகம் வெட்டும், கூலி நம் கணக்கில். அப்பாவின் திவசத்துக்கு ஐயர் வந்து ஓமம் வளர்த்தது பற்றி ஒன்றும் எழுதியில்லை, கேட்டபோது "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்று வாயால் சொன்னார்கள். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த பதினொரு பேர், ஒரு வான், இரண்டு ஓட்டோ, விறாந்தை முழுக்கப் பாய்: இரவு தங்கும் விருந்தினர் ஆறு பேருக்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி, வாசலில் ஒரு வாகனம் மட்டும்.

இதிலே எது உங்களுக்கு வலிக்கும், எது வலிக்காது என்பது உங்கள் விசயம். கோழி போனால் போகட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டார், மரநாயோடு மல்லுக்கட்டி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. மிளகாய்க்குத்தான் முகம் மாறினார்.

கலண்டரில் போன வருசம் வராத ஒன்றையும் தாளில் சேர்க்க வேண்டும். செத்த வீடு. வாயால் சொல்லத் தயங்குவீர்கள், ஆனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது கேட்காமல் விடக்கூடாத கேள்வி இதுதான். எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் படலை திறந்தபடியே கிடக்கும், ஒழுங்கைக்குள் பந்தல் வரும், சனசமூக நிலையத்துக் கதிரைகள் வரும், இரவிரவாக ஆட்கள் இருப்பார்கள், பறை கேட்கும், முற்றத்தில் சுண்ணம் இடிப்பார்கள். அக்காவின் மாமனார் கொழும்பில் காலமானபோது குடியிருப்பு நிர்வாகம் மரியாதையாகத்தான் பேசியது, ஆனால் விதிப்படி உடலை வீட்டில் சில மணிநேரம்தான் வைக்கலாம், பந்தல் போட முடியாது, வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் பெயர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். அழுதுகொண்டு வந்த மனிசரிடம் காவலாளி அடையாள அட்டை கேட்டதை அத்தார் இன்றைக்கும் மறக்கவில்லை. கடைசியில் மலர்ச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் பலருக்கு அது பழகிப்போன விசயம், எல்லாம் சுத்தமாக முடிந்துவிடும் என்று அதையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஆட்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகவும் கூடாது. ஊரில் விதியில்லை என்று யார் சொன்னது? எழுதாத விதி ஆயிரம் இருக்கிறது. வேலிச் சண்டையே ஒரு பெரிய கதை. பக்கத்து வளவுக்காரர் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியாலை அரை அடி தள்ளிப் போட, அதற்கு வழக்கு, அந்த வழக்கு பேரப்பிள்ளைகள் காலம் வரை. எழுதி வைத்த விதி இருக்கும் இடத்தில் அந்தத் தலையிடி இல்லை. அமெரிக்காவில் 1947இல் கட்டத் தொடங்கிய லெவிற்றவுன் என்ற புறநகரில் வேலியே போடக்கூடாது என்று விதி, கிழமைக்கு ஒருமுறை புல் வெட்ட வேண்டும், சனி ஞாயிறில் உடுப்புக் காயப்போடக்கூடாது. கறுப்பின மக்கள் அங்கே குடியிருக்கக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். "ஒழுங்கு" என்ற பெயரில் என்னென்ன உள்ளே வரும் என்பதற்கு அது ஒரு பழைய உதாரணம். நம் ஊரில் அதையெல்லாம் எழுத மாட்டார்கள், யாருக்கு விற்கிறார்கள் யாருக்கு விற்கவில்லை என்று விசாரித்தால் விளங்கும்.

சரி, சட்டம். இரண்டு வகை இருக்கிறது, எது என்று முதலில் தெளிவாக்குங்கள். தொடர்மாடி என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வரும். கொண்டோமினியம் வரைபடம் பதிவானதும் உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகும், உங்களுக்கும் வாக்கு உண்டு, முறைப்பாடு சொல்ல ஓர் அதிகாரசபையும் உண்டு. தனித்தனிக் காணித்துண்டும் தனித்தனி உறுதியும் (காணிப் பத்திரமும்) உள்ள மதில் குடியிருப்பு அப்படியல்ல. அங்கே விதிகளின் பலம் நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்திலும் உறுதியில் எழுதப்பட்ட நிபந்தனைகளிலும்தான் இருக்கிறது. அதனால் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியது: உள்வீதி யாருடைய பெயரில்? வாசல், தண்ணித்தாங்கி, குழாய்க்கிணறு யாருடைய பெயரில்? கட்டி விற்றவர் நாளைக்கு வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டால் யார் பொறுப்பு? வீதி இன்னமும் அவர் பெயரிலேயே இருந்தால் உங்கள் வீட்டுக்கு நீங்கள் அவர் காணிக்குள்ளால்தான் போய் வருகிறீர்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், யாழ்ப்பாணத்தில் இது எல்லாவற்றுக்கும் மேலே. நமக்கு வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற தண்ணியைத்தான் குடிக்கிறோம், மேலே ஊற்றுவது கெதியாகக் கீழே இறங்கிவிடும். நாலு பரப்பில் ஒரு வீடும் ஒரு மலக்குழியும் என்பது ஒரு கணக்கு. அதே நாலு பரப்பில் நாலைந்து வீடு, நாலைந்து மலக்குழி, நடுவில் எல்லாருக்கும் ஒரு குழாய்க்கிணறு என்பது வேறு கணக்கு. கழிவு எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், தண்ணியை நைத்திரேற்றுக்கும் கிருமிக்கும் நீங்களே கொடுத்துச் சோதியுங்கள், அவர்கள் காட்டும் பழைய அறிக்கை வேண்டாம். சொந்தமாகக் கிணறு வெட்ட விதி இடம் தருமா என்றும் பாருங்கள்.

பராமரிப்புக் காசில் இன்றைய தொகையைப் பார்க்காதீர்கள். யார், எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் சம்மதத்தோடு அதைக் கூட்டலாம் என்று பாருங்கள். மூன்று வருசக் கணக்கு அறிக்கை கேளுங்கள், ஒதுக்கு நிதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் கண்டுபிடித்த நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: "2022இல் ஜெனரேற்றரை என்ன செய்தீர்கள்?" நாட்டின் பொருளாதார நெருக்கடியில் அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரன்ட் இல்லை, டீசலும் இல்லை. அந்த நாட்களை ஒரு நிர்வாகம் எப்படிச் சமாளித்தது, யாரிடம் எவ்வளவு வாங்கியது, யாருக்குத் தண்ணி ஏறவில்லை என்று கேட்டால் அந்த இடத்தின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும்.

குணம் தெரிய இன்னொரு வழி, மாலை ஆறு மணிக்கு ஒருமுறையும் ஞாயிறு காலையில் ஒருமுறையும் விற்பவர் இல்லாமல் தனியாகப் போவது. அறிவித்தல் பலகையை வாசியுங்கள். அறிவித்தல் எந்த மொழியில் இருக்கிறது? கொழும்புப் பக்கம் அக்காவுக்கு இதுதான் கடைசிவரை சிக்கல், கூட்டம் சிங்களத்தில் நடக்கும், குறிப்பு ஆங்கிலத்தில் வரும், தண்டப்பணம் மட்டும் தெளிவாக விளங்கும். காவலாளியோடு கதையுங்கள், அவருக்குத் தெரியாத விசயம் இல்லை. விதி மீறின வீடு ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள், பட்டால் அது யாருடைய வீடு என்று விசாரியுங்கள். எல்லாருக்கும் கடுமையான விதியோடு வாழ்ந்துவிடலாம், ஒருவருக்கு மட்டும் இளகும் விதியோடு வாழ முடியாது. நம் பக்கக் குடியிருப்புகளில் இன்னொன்றும் கவனித்தேன். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில், வற்ஸப்பில் கூட்டம் நடக்கிறது, உடுப்புக் காயப்போடுவது பார்வைக்கு அழகில்லை என்று முடிவெடுப்பவருக்கு அங்கே காயப்போட உடுப்பே இல்லை.

வெளிநாட்டில் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வரி. ஒன்ராறியோவில் கொண்டோ வாங்குவதென்றால் நிலைச் சான்றிதழ் என்று ஒன்று கேட்டு வாங்கலாம், 100 டொலருக்கு மேல் எடுக்க முடியாது, 10 நாளுக்குள் தரவேண்டும், விதிகளும் நிதி நிலைமையும் வழக்குகளும் அதில் வரும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்குக் கட்டவேண்டிய காசு நிலுவையானால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோக முடியும். அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது.

இனி மிகப் பெரிய பிழை, போக முதலே ஊர் வீட்டை விற்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கும் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முற்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவர்களுக்கு முதல் வாங்கும் உரிமை இருக்கிறது, அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் வழக்கு வரும். திருமணமான பெண்ணின் பெயரில் காணி இருந்தால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், சம்மதம் எடுக்க முடியாத நிலை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். இவ்வளவையும் அவசரத்தில் செய்து விற்றுவிட்டு அங்கே போய்ப் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவர இடமில்லை. அதே குடியிருப்பில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இருந்து பாருங்கள். வாடகைக்காரருக்கும் அதே விதிதான், ஆறு மாதத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு திருவிழாவும் ஒரு மாரியும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாரிக்கு ஒழுங்கை நிரம்புகிறதா, மதில் தண்ணியை வெளியே போகவிடாமல் மறிக்கிறதா என்று வேறு எப்படித் தெரியும்?

அம்மா இப்போது அப்படித்தான் இருக்கிறார், ஏழாவது மாதம். இரவில் நல்ல நித்திரை என்கிறார், பக்கத்து வீட்டு ரீச்சரோடு நல்ல ஒட்டு. பகலில்தான் கொக்குவில் கிணற்றைப் பற்றிக் கதைக்கிறார். கிழமைக்கு ஒருக்கா நான் போய் வளவைக் கூட்டிவிட்டு வருகிறேன்.

வாயால் சொன்னதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்று எவர் சொன்னாலும் அன்றைக்கே அதை எழுதி அனுப்பி, சரிதானா என்று பதில் வாங்குங்கள். சொன்னவர் அடுத்த வருசம் நிர்வாகத்தில் இருக்கமாட்டார். ஓமத்துக்கும் மிளகாய்க்கும் நான் ஈமெயில் போட்டேன். ஓமம், மூன்று நாளைக்கு முன் அறிவித்தால் சரி. மிளகாய், பின்பக்கத்தில் மட்டும், வீதியிலிருந்து தெரியாதபடி, பின்னேரம் ஐந்து மணிக்கு முன் எடுக்க வேண்டும். அம்மா அதைப் பிரதி எடுப்பித்து, தமிழில் எனக்குச் சொல்லி எழுதுவித்து, குசினிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.