வேட்டைப் பாறை ஓவியங்கள் எங்கே, ஏன்? இட அமைவு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியம் உள்ள பாறைகளை மட்டும் அளந்துவிட்டு முடிவு சொல்வதுதான் ஆகப் பெரிய தவறு. பெரும்பாலான தளங்களிலிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிறது, ஆகவே விலங்குகளை நோட்டமிடத் தேர்ந்த இடங்கள் இவை என்பார்கள். அதே சரிவில் வெறுமையாகக் கிடக்கும் பாறைகளிலிருந்தும் பள்ளத்தாக்கு அவ்வளவே தெரியுமானால் இந்த வாதம் நிற்காது. தீட்டவோ செதுக்கவோ ஏற்றதாயிருந்தும் எதுவும் இல்லாத பாறை முகங்களையும் களத்திலேயே பதியுங்கள். ஓவியத் தளங்களைப் போல் சில மடங்காவது வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒப்பீட்டுப் புள்ளிகளை வரைபடம் முழுக்கத் தூவினால் பாதி மணலிலும் ஆற்றிலும் விழும். அப்போது கணக்கு சொல்வதெல்லாம், பாறை ஓவியம் பாறையில்தான் இருக்கிறது என்பதே.

ஒரே பாறையில் 40 மான்கள் இருந்தாலும் இடம் ஒன்றுதான். அதை 40 சான்றுகளாக எண்ணாதீர்கள்.

ஓரிடத்தில் நின்றால் எந்தெந்த நிலம் தெரியும் என்று மென்பொருளில் கணக்கிடுவதே பார்வைப்பரப்புக் கணக்கு. இதில் பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது. இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய நில உயரத் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் பொதுவாகச் சுமார் 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். செங்குத்துப் பாறையின் அடியும் உச்சியும் அதற்குள் அடங்கிவிடும். அடிவாரக் குகைத்தளத்தில் நிற்பவரை மென்பொருள் பாதி உயரத்துக்கு ஏற்றிவைத்து, பாறைக்குப் பின்னால் இருப்பதும் தெரிவதாகக் காட்டும். குறுகிய பள்ளத்தாக்கில் ஜி.பி.எஸ். பிழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ட்ரோன் படங்களிலிருந்து 1 மீட்டர் அல்லது அதைவிட நுண்ணிய தரவை உருவாக்குங்கள். கண் உயரம் சுமார் 1.6 மீட்டர் எனவும், பார்வை பாறை முகம் நோக்கும் 180 பாகைக்குள் மட்டும் எனவும் கொள்ளுங்கள். 5 கிலோமீட்டர் வரை பார்வையைக் கணக்கிட்டால், தரவும் ஆய்வெல்லைக்கு வெளியே 5 கிலோமீட்டர் நீள வேண்டும். பிறகு சில தளங்களிலாவது நேரில் நின்று சரிபாருங்கள். இன்னொன்று: அங்கிருந்து என்ன தெரிகிறது என்பது வேறு, அந்த ஓவியம் எங்கிருந்து தெரிகிறது என்பது வேறு. 20 சென்டிமீட்டர் உருவத்தை 500 மீட்டரிலிருந்து வெறுங்கண்ணால் இன்னதென்று யாரும் அடையாளம் காண முடியாது.

பாறை முகங்கள் நோக்கும் திசைகளுக்குச் சாதாரண சராசரி எடுக்காதீர்கள். 350 பாகை, 10 பாகை இரண்டும் வடக்கை ஒட்டியவை. சராசரியோ 180, அதாவது நேர் தெற்கு! கோணங்களை வட்டத்தின் மேலுள்ள புள்ளிகளாகக் கொள்ளும் வட்டப் புள்ளியியல்தான் இதற்குச் சரி. காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது காந்த விலக்கத்தை, திருத்துங்கள். பசால்ட் போன்ற பாறைகள் காந்த ஊசியை இழுக்கும். சற்றுத் தள்ளி நின்று அளக்கவும்.

இன்றைய நீர்க்கரை அன்றைய கரையன்று. நார்வேயின் ஆல்டாவில் பனிப்பாறைச் சுமை நீங்கியபின் நிலம் உயர்ந்தது. கடலோரத்தில் செதுக்கியவை இன்று கரைக்கு மேலே நிற்கின்றன, பொதுவாக மேலே இருப்பவை பழையவை. சவூதி அரேபியாவின் ஜுப்பாவில் மலையடியில் இருந்த ஏரியே வற்றிவிட்டது. இன்றைய நீர்நிலைக்கான தூரத்தை அளந்து என்ன பயன்?

திறந்த பாறையில் தீட்டியது மழையில் அழியும், மேலே பாறை கூரைபோல் நீண்ட ஒதுக்கில் தப்பும். ஆகவே "ஒதுக்குகளையே விரும்பினார்கள்" என்பதற்கு முன், எஞ்சியவற்றை மட்டுமே பார்க்கிறோம் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். பாதையோரம் மட்டும் தேடியிருந்தால் பாதையோரம்தான் கிடைக்கும். நடந்து தேடிய தடங்களையும் வரைபடத்தில் குறியுங்கள்.

வேட்டைக் காட்சி இருப்பதாலேயே அங்கு வேட்டை நடந்ததாகாது. வேட்டையாடுவோர் பதுங்கும் மறைவுச் சுவர், அம்பு முனை, வெட்டுக்காயமுள்ள எலும்பு எனத் தனிச் சான்று தேவை. அவற்றின் காலமும் ஓவியத்தின் காலமும் தனித்தனியே நிறுவப்பட வேண்டும். கலிபோர்னியாவின் கோசோ மலைத்தொடரில் காட்டுச் செம்மறிச் செதுக்கல்களுக்கு அருகிலேயே வேட்டை மறைவிடங்கள் உள்ளன. அங்கும்கூட, அவை வேட்டைச் சடங்கா, சாமியாடிகள் அருள்நிலையில் கண்ட காட்சியா என்ற வாதம் ஓயவில்லை.