சிம் கார்டு இணையத்தில் இயங்கும் கேமராவைத் தொலைவிலிருந்து பார்க்கும் வழி

தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, கட்டி முடியாத வீடு என்று ஃபைபர் இணைப்பு எட்டாத இடங்களில் சிசிடிவி கேமரா பொருத்துவோருக்கு 4ஜி சிம் போடும் ரவுட்டர்தான் பெரும்பாலும் ஒரே வழி. கேமராவும், அதன் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் வீட்டில் பொருத்துவது போலவேதான். ஆனால் வெளியிலிருந்து அவற்றை எட்டும் முறை முற்றிலும் வேறு. இதை அறியாமல் தொடங்குபவர்கள் ரவுட்டர் அமைப்புகளோடு நாள் கணக்கில் போராடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இணைய முகவரி 10 என்ற எண்ணிலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களிலோ தொடங்கினால் உங்கள் சிம்மும் அப்படித்தான் இருக்கிறது என்று பொருள். அந்நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி அழைப்பை ரவுட்டர் டிவிஆருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தாலும், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரிக்கு மாறாத பெயர்) வாங்கினாலும், வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே நாம் கேமராவைத் தேடிப் போகாமல், கேமராவே வெளியே வந்து நம்மைச் சந்திக்கும்படி அமைக்க வேண்டும்.

அதற்கு முன் டவர் சிக்னலைச் சரிபார்ப்பது அவசியம். பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவின் தோப்பில், தகரக் கூரை போட்ட மோட்டார் அறைக்குள் ரவுட்டரை வைத்தபோது அதன் நிலைப் பக்கம் சிக்னல் வலிமை மைனஸ் 112 டிபிஎம் என்று காட்டியது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்). படம் அரை நிமிடம் ஓடி உறைந்துபோகும். அதே ரவுட்டரை மழை படாத பெட்டியில் வைத்து வெளிச் சுவரில் இறவாணத்துக்குக் கீழே மாட்டியதும் மைனஸ் 94 ஆனது, படமும் நிற்காமல் ஓடியது. தகரம் சிக்னலைப் பெரிதும் தடுக்கும். மைனஸ் 100-க்கு மேல் (அதாவது 95, 90 என்று) கிடைக்கும் இடத்தைத் தேடி, அங்கிருந்து டிவிஆருக்கு லேன் கேபிள் இழுப்பதே நல்லது. வேகத்தைச் சோதிக்கும்போது பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்ற வேகத்தைத்தான் கவனிக்க வேண்டும். தோப்பிலிருந்து படம் வெளியேறுவது அந்த வழியில்தான்.

இனி இணைப்பு. டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் டிஎச்சிபியை இயக்கினால் முகவரியை ரவுட்டரே கொடுத்துவிடும். அதே பக்கத்தில் பி2பி அல்லது கிளவுட் என்று இருக்கும் வசதியை (டிவிஆரே தன் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்ளும் முறை) இயக்கிச் சற்றுக் காத்திருந்தால், நிலை ஆன்லைன் என்று மாறும். அதன்பின் டிவிஆர் நிறுவனத்தின் ஆப்பைக் கைபேசியில் நிறுவி, திரையில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: கேமரா மாட்ட வருபவர் தம் கைபேசியில் தம் கணக்கிலேயே கருவியைப் பதிவு செய்ய இடம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் முதலில் பதிந்த கணக்கோடு பிணைந்துவிடும். பிறகு அவர் விடுவித்தால்தான் உங்கள் கணக்கில் சேரும். உங்கள் கணக்கில் பதிந்துவிட்டு, வீட்டாருக்குப் பகிர்தல் வசதி வழியே அனுமதி கொடுங்கள்.

பலரும் ஏமாறுவது டேட்டா கணக்கில்தான். நொடிக்கு 2 மெகாபிட் அளவிலான மெயின் ஸ்ட்ரீமில் (முழுத் தரப் படம்) ஒரு கேமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 900 எம்பி செலவாகும், நாளைக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் இரண்டு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. சப் ஸ்ட்ரீமை (தரம் குறைத்த படம்) 512 கிலோபிட்டில் வைத்தால் மணிக்கு 230 எம்பி போதும். ஆனால் நான்கு கேமராக்களையும் ஒரே திரையில் திறந்தால் அதுவும் 920 எம்பி ஆகிவிடும். ஆகவே பதிவு முழுவதும் மெயின் ஸ்ட்ரீமில் ஹார்ட் டிஸ்கிலேயே நடக்கட்டும். அதற்கு இணையம் தேவையில்லை. கைபேசிக்கு மட்டும் சப் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுங்கள். 24 மணி நேர கிளவுட் பதிவை இயக்கினால் ஒரே கேமராவுக்கு, அதுவும் சப் ஸ்ட்ரீமிலேயே, நாளைக்கு ஐந்தரை ஜிபி போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்து, ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். காற்றில் ஆடும் தென்னை ஓலையும் நடமாட்டமாகப் பதிவாகும். எனவே கதவு, மோட்டார், வேலி வாசல் ஆகிய பகுதிகளை மட்டும் கண்காணிப்புப் பரப்பாகக் குறிப்பது முக்கியம்.

டிவிஆர் நிறுவனத்தின் சர்வர் வழியே படம் போவதை விரும்பாதவர்கள் வயர்கார்டு என்ற விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) வசதியுள்ள ரவுட்டரை வாங்கி, பொது முகவரி உள்ள வீட்டு ஃபைபர் இணைப்புக்கோ வாடகை சர்வருக்கோ சுரங்கப்பாதை அமைக்கலாம். தொடர்பைத் தோப்பு ரவுட்டர்தான் தொடங்க வேண்டும். சிஜிநாட் சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும் என்பதால் கீப்அலைவ் மதிப்பை (இணைப்பு அறாமலிருக்கச் சிறு செய்தி அனுப்பும் இடைவெளி) 25 நொடி என்று கொடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இதுவே என் பரிந்துரை.

எந்த வழியானாலும் டிவிஆரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் கூட்டங்கூட்டமாகக் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கிய தாக்குதலில் அவை பயன்படுத்தப்பட்டன.

எல்லாம் முடிந்ததும், உங்கள் கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் மட்டும் படம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்து, யாரும் தொடாமலே ரவுட்டரும் டிவிஆரும் ஆன்லைனுக்குத் திரும்புகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். மின்வெட்டு அடிக்கடி நிகழும் இடமானால் இரண்டுக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று தேவை. வசதி இருந்தால், ரவுட்டர் தினமும் அதிகாலையில் ஒருமுறை தானே மறுதொடக்கம் ஆகும்படி நேரம் குறித்து வையுங்கள். ரீசார்ஜ் முடியும் நாளையும் உங்கள் கைபேசி நாட்காட்டியில் குறித்துவிட்டுத் தோப்பை விட்டுக் கிளம்புங்கள்.