நுவரெலியா மலையேற்றப் போட்டிக்குக் கம்பனி ரேஸ் காரைத் தயார்ப்படுத்துவது எப்படி

ஏப்ரல் சீசன் நெருங்கும்போது, கார்கள் ஒவ்வொன்றாக மலை வீதியில் நேரத்துக்கு எதிராக ஏறும் மஹகஸ்தோட்டை, ரதல்ல போட்டிகளுக்குக் கார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை குதிரைவலு?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டாலும் போதும். செய்த கம்பனி அந்தக் காரைப் போட்டிக்காரருக்கென்றே விற்றதா, விற்றிருந்தால் எந்தப் போட்டிக்கு என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் கம்பனிகள் இந்த வியாபாரத்தை இரண்டு விதமாகச் செய்திருக்கின்றன. முதலாவது, வீதியில் ஓடக்கூடிய காரையே போட்டிக்கு அடிப்படையாக விற்பது. குரூப் 4 என்ற போட்டி வகுப்பின் அனுமதிக்கு 500 கார்கள் தேவை என்பதற்காகப் போர்ஷே 1972இல் 911 கரேரா ஆர்எஸ் 2.7ஐ வெளியிட்டது, கடைசியில் 1,580 கார்கள் செய்தார்கள். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் ஆர்எஸ் வகையும் இப்படிப்பட்டதுதான்: ஏசி, பவர் விண்டோ போன்ற சொகுசுகளைக் கழற்றிவிட்டு, எப்படியும் டீம்கள் மாற்றப்போகும் சில்லுகளுக்குப் பதிலாக 15 அங்குல இரும்புச் சில்லுகளோடு கொடுத்தார்கள். இரண்டாவது, 911 ஜிடி3 கப் போல நம்பர் பிளேட்டே போடமுடியாத முழு ரேஸ் கார். அது சர்க்கிட் எனும் சுற்றுத் தடத்துக்குப் பிறந்தது. மலையேற்றத்துக்கு முதல் வகையே நல்லது. கப் காரின் டயரும் பிரேக்கும் பல சுற்று ஓடிச் சூடான பிறகுதான் வேலை செய்யும். இங்கே அவை சூடாகுமுன் ஓட்டம் முடிந்துவிடும்.

வாங்குமுன் கடதாசிகளைக் கேளுங்கள். உலக மோட்டார் பந்தயச் சங்கமான எஃப்ஐஏயின் ஹோமொலொகேஷன் (போட்டி அனுமதி) படிவத்தில் எந்த கியர் விகிதம், எந்தப் பிரேக் கலிப்பர், எந்த டிஃபரன்ஷியல் அந்தக் காருக்கு அனுமதிக்கப்பட்டன என்று இருக்கும். கம்பனியின் போட்டிப் பிரிவு விற்ற காரென்றால் என்ஜினும் கியர்பொக்ஸும் ஓடிய மணித்தியாலக் கணக்கும் வேண்டும். ரேஸ் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. இந்தக் கணக்கில்லாத காரை, என்ஜினைத் திறந்து பார்க்கவேண்டிய கார் என்றே வைத்து விலை பேசுங்கள்.

அடுத்தது ரோல் கேஜ், அதாவது கார் புரண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு. எஃப்ஐஏ விதிப்படி பிரதான வளைவு, குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத குழாயில் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50க்கு 2.0 ஆக இருக்கவேண்டும். போல்ட் பூட்டும் கூண்டுக்கு ஒவ்வொரு காலடியிலும் குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு, 8.8 தரத்தில் மூன்று எம்8 போல்ட். கார்ப்பெட்டைத் தூக்கி அந்தத் தகட்டின் கீழே சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே தகரம் பப்படமாக இருக்கும். சீட் பெல்ட்டின் லேபிளில் காலாவதி ஆண்டைப் பாருங்கள். தோள் பட்டை பின்னோக்கி 45 பாகைக்கு மேல் சரியக்கூடாது, 10 பாகைக்குள் இருந்தால் நல்லது. தரையில் கட்டிய தோள் பட்டை, மோதும்போது முதுகெலும்பைக் கீழே அமுக்கும்.

இனி உயரம். கொழும்பு கராஜில் டியூன் பண்ணிய காரை அப்படியே மேலே கொண்டுவருகிறவர்கள் தவறுவது இங்கேதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் ஏறத்தாழ 0.81 பார். டேர்போ இல்லாத என்ஜின் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும், அதற்கு மருந்தில்லை. ஆனால் கலவையைச் சரிசெய்யலாம். கார்புரேட்டர் காரில் பெற்றோல் ஏறத்தாழ பத்து வீதம் கூடிப்போகும். கொழும்பில் 140 இலக்க மெயின் ஜெட் (பெற்றோலை அளந்துவிடும் துளை) சரியாக இருந்தால் இங்கே 135 போட்டு, முழு த்ரொட்டிலில் ஓடி, என்ஜினை உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்னும் கரி படிந்தால் மட்டும் 130. கார்புரேட்டரோடு ஃபோர்ட் லேசர், நிசான் மார்ச் ஓட்டுகிற சிறிய வகுப்புக்காரருக்கு இதைவிட மலிவான மேம்பாடு கிடையாது.

டேர்போ காருக்கு ஆபத்து வேறு. கொழும்பில் அழுத்தமானியில் டேர்போ கூட்டும் அழுத்தம் (பூஸ்ட்) 1.3 பார் என்றால் மொத்த அழுத்தம் 2.3 பார், வெளிக்காற்றைவிட 2.3 மடங்கு. அதே 2.3 பாரை நுவரெலியாவில் எடுக்க டேர்போ 2.8 மடங்கு அமுக்கவேண்டும். மொத்த அழுத்தத்தைக் குறியாக வைத்து மேப் பண்ணிய இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இதைக் கேள்வி கேட்காமல் செய்யும். டேர்போ வேகவரம்பைத் தாண்டிச் சுழலும், காற்றுச் சூடாகும், என்ஜின் தட்டும். அழுத்தமானியில் 1.05 பார் வரை இறக்கினால் டேர்போவின் சுமை கொழும்பில் இருந்த அளவுக்கு வரும். 95 ஒக்டேன் பெற்றோலைக் கானில் எடுத்துக்கொண்டே ஏறுங்கள்.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. வெளி அழுத்தம் குறைவதால் அழுத்தமானியில் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூடவேண்டும். கொழும்பின் 32 பாகையிலிருந்து இங்கத்தைய 15க்கு வரும்போது குளிர் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடும். ஆகவே கீழே வைத்த எண்ணை நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். காலையில் டயர் ஆறியிருக்கும்போது புதிதாகப் பிடித்து எழுதிவையுங்கள்.

பிரேக் பேட்தான் அதிகம் ஏமாற்றும். கம்பனியின் சர்க்கிட் கிட்டில் வரும் பேட் சில நூறு பாகை சூட்டில்தான் கடிக்கும். இங்கே ஸ்டார்ட்டில் நிற்கும்போது டிஸ்க் பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கும். முதல் வளைவில் பெடல் கல்லாக நிற்கும், கார் நிற்காது. குளிரிலேயே பிடிக்கும் ராலி பேட் அல்லது வேகமான வீதிக் காருக்கான பேட் போடுங்கள். டயரும் மென்மையான கலவையாக இருக்கட்டும். தோட்டத்து வீதியில் கொழுந்து லொறி கொட்டிய மண் வளைவின் உட்புறத்தில் கிடக்கும். நடந்து பார்க்கும்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு வரும். மழை டயர் ஒரு செட் சில்லோடு பூட்டித் தயாராக இல்லாவிட்டால், இரண்டாவது ஓட்டத்தை மறந்துவிடலாம்.

தியத்தலாவை பொக்ஸ் ஹில்லுக்கும் அதே காரைக் கொண்டுபோக நினைத்தால், அது மண் தடம்: சம்ப் கார்ட் (என்ஜின் ஒயில் தொட்டியைக் காக்கும் தகடு), உயர்த்திய சஸ்பென்ஷன், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு எயார் பில்டர் சுத்தம். தார் வீதி செட்டிங்கோடு போனால் சம்ப் உடையும்.

ஏற்றத்தில் நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் முதலில் முறிவது டிரைவ் ஷாஃப்ட், அடுத்துக் கிளச். ஐரோப்பாவின் கப் போட்டிகளில் கம்பனியின் பாக லொறி பிட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். இங்கே நம்பக்கூடிய உதிரிப்பாகச் சந்தை கொழும்பு பஞ்சிகாவத்தை. அதுவும் சித்திரைப் புத்தாண்டுக்குப் பூட்டிக் கிடக்கும். முன் டிரைவ் ஷாஃப்ட் இரண்டு, கிளச் பிளேட், சில்லு பேரிங், டை ரொட் எண்ட், என்ஜின் பெல்ட்கள், இரண்டு லீற்றர் பிரேக் ஒயில் ஆகியவற்றை, கம்பனியின் பாக இலக்கத்தைக் காட்டி மார்ச் மாதத்திலேயே வாங்கி லொறியில் ஏற்றிவிடுங்கள். காரை லொறியில் கட்டும்போது பட்டியைச் சில்லுகளுக்கு மேலால் போடுங்கள். காரின் உடலில் (பொடியில்) கட்டினால், நுவரெலியாவுக்கு ஏறும் ரம்பொடை வளைவுகளில் சஸ்பென்ஷன் ஆடி ஆடிப் பட்டி தளர்ந்துவிடும்.