பிள்ளைகள் உள்ள வீட்டில் நூல் சாயம் போட்டு விற்பது எப்படி

கையால் சாயம் போட்ட நூலை வீட்டிலிருந்தே விற்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள், எடுத்தவுடன் கேட்பது கைமுதல் எவ்வளவு போட வேண்டும் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதா? பள்ளி வேன் எத்தனை மணிக்கு வரும்? மதியம் யார் யாருக்குச் சோறு போட வேண்டும்? இதெல்லாம் தெரிந்தால்தான் எந்த நூல் வாங்கலாம், எந்தச் சாயத்தைத் தொடலாம் என்று சொல்ல முடியும். பாத்திரமும் அடுப்பும் வாங்குவது அதற்கு அப்புறம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ரப்பர் வெட்டு. விடியுமுன் போனால் பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். மூத்தவள் ஏழாம் வகுப்பு, இளையவன் யுகேஜி. மாமியும் (வீட்டுக்காரரின் அம்மா) எங்களோடு இருக்கிறார். குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடுகிறவர்களுக்குப் பருத்தி நூலும், ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு அல்பாக்கா என்கிற மிருகத்தின் ரோமத்தில் வரும் நூலும் சாயம் போட்டு விற்கிறேன். குளிரே இல்லாத ஊரில் அல்பாக்கா எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன நம் ஊர்ப் பெண்கள், ஊட்டி, பெங்களூரு பக்கம் பின்னுகிறவர்கள், இவர்கள்தான் வாங்குகிறார்கள்.

நான் சொல்லவருவது ஒரே விஷயம். சாய வேலையில் நடுவில் எழுந்து போகக்கூடிய வேலை உண்டு, எழுந்து போகவே கூடாத வேலையும் உண்டு. இரண்டையும் முதலில் பிரித்து வையுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் நிற்பதும் விட்டுவிட்டுப் போவதும் இதில்தான் இருக்கிறது.

பருத்தி பொறுக்கும்

குடும்பப் பெண்ணுக்கு முதலில் ஏற்றது பருத்தி. சலவை சோடா போட்ட தண்ணீரில் சிட்டங்களை (வளையமாகச் சுற்றிய நூல்கட்டுகளை) ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் மெழுகும் அழுக்கும் கழன்று தண்ணீர் பழுப்பாகிவிடும். அதை அலசி, கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். ஒரு கிலோ நூலுக்கு 200 கிராம் பொடி போதும். மறுநாள் பிழிந்து படிகாரத் தண்ணீரில் போடலாம். கிலோவுக்கு 150 கிராம் படிகாரம், வெந்நீரில் கரைத்தது. அதிலும் ஒரு ராத்திரி. அதற்கு அப்புறம்தான் பூவிலும் மரத்திலும் எடுக்கிற சாயம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதில் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியது கொதிக்கிற ஒரு மணி நேரம் மட்டும். மற்றதெல்லாம் ஊறல். மகனுக்குச் சளி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தாலும் படிகாரத் தண்ணீரில் கிடக்கிற நூல் இன்னும் ஒரு நாள் கிடக்கும், ஒன்றும் ஆகாது. சாயம் ஏற்றுகிற வேலையைக்கூட பூச்சாறு வடிகட்டி ஆறிய பிறகு நூலைப் போட்டு, மெல்லச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மறுநாள் வரை அப்படியே மூடி வைக்கலாம். நிறம் நன்றாகவே ஏறும்.

அல்பாக்கா அப்படியில்லை

அல்பாக்கா பெரு, பொலிவியா மலைநாட்டு மிருகம். ஆண்டிஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேலே, காய்ந்த குளிரில் வளர்வது. நாமே இரண்டு வாங்கி வளர்க்கலாமே என்று சிலர் ஆசையாகக் கேட்பார்கள். இடவப்பாதியும் (ஜூனில் தொடங்கும் மழை) ஐப்பசி மழையும் மாறி மாறிப் பெய்கிற நம் ஈரத்தில் அதைக் கொண்டுவந்து கட்டுவது பாவம். இறக்குமதி செய்து விற்கிறவர்களிடம் சாயம் போடாத நூலை வாங்குங்கள், அதுதான் சரி. வெள்ளை மட்டும் வாங்காமல் இளம் சாம்பலும் பழுப்பும் கொஞ்சம் வாங்குங்கள். அந்த நூல்மேல் சாயம் ஏறும்போது வெள்ளை நூலில் எப்படி முயன்றாலும் வராத ஒரு அடங்கிய நிறம் வரும்.

இது மிருக ரோமம். சாயம் ஏற அமிலமும் சூடும் வேண்டும். ரோமத்துக்கென்று வரும் ஆசிட் சாயத்தைத்தான் வாங்க வேண்டும். 100 கிராம் நூலுக்கு 50 முதல் 100 மில்லி வெள்ளை வினிகர். நூலை முதலில் வெறும் தண்ணீரில் அரை மணி நேரமாவது நனைய விடுங்கள். சாயத் தண்ணீரில் போட்ட பிறகு, ஆறிய நிலையிலிருந்து 80 முதல் 85 டிகிரி வரை மெல்ல மெல்லச் சூடு ஏற்ற வேண்டும், முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். அந்தச் சூட்டில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். தளபுளவென்று கொதித்தால் நூல் போச்சு. கிளறினாலும், சூட்டோடு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கினாலும் ரோமம் ஒன்றோடொன்று பின்னிச் சடைபிடித்துவிடும். சடைபிடித்த சிட்டத்தை யாராலும் பிரிக்க முடியாது.

விறகடுப்பில் இந்தச் சூட்டை ஒரே மட்டத்தில் நிறுத்துவது கஷ்டம். வெளித்திண்ணையில் தனியாக ஒரு கேஸ் அடுப்பு, தனி சமையல் தெர்மாமீட்டர், மூடியுள்ள ஸ்டீல் பானை, இவ்வளவு போதும். சாயம் ஏறி முடிந்ததா என்று பார்க்க, நூலை ஒரு குச்சியால் மெல்ல ஒதுக்கிவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். மண்பானைத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தால் சாயம் முழுக்க நூலுக்குள் போய்விட்டது. இன்னும் நிறம் தெரிந்தால் கொஞ்சம் வினிகர் விட்டு (நூல்மேல் அல்ல, பானையின் ஓரத்தில்) பத்து நிமிஷம் பொறுங்கள். தெளிந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். தானாகவே ஆறட்டும். ஆறுகிற அந்த நேரம் நீங்கள் பிள்ளைகளோடு இருக்கலாம்.

ஆக, அல்பாக்காவுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், நடுவில் யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம். என் வீட்டில் அது வேன் போனபிறகு காலையில்தான் கிடைக்கும். அதுவும் மாமி வீட்டில் இருக்கிற நாளில் மட்டும். மாமி சபைக்கோ கல்யாணத்துக்கோ போகிற நாளில் அல்பாக்காப் பானையை ஏற்றுவதே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கும் பொடிக்கும் நடுவே

கடையில் வாங்குகிற சாயப்பொடி மூச்சில் போகக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம். பொடியை அளக்கிற வேலையைப் பள்ளி நடக்கிற ஒரு நாளில், முகக்கவசமும் கையுறையும் போட்டு, காற்றாடியை நிறுத்திவிட்டு, ஈரத்துணி விரித்து அதன்மேல் வைத்துச் செய்துமுடியுங்கள். 1 கிராம் பொடிக்கு 100 மில்லி வெந்நீர் என்று கரைத்துப் பாட்டில்களில் ஊற்றி வைத்துக்கொண்டால், அப்புறம் சாயம் போடுகிற நாளில் பொடியைத் திறக்கவே வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்துகொள்ளலாம். கணக்கும் சுலபம். 100 கிராம் நூலுக்கு 100 மில்லி விட்டால் நடுத்தர நிறம், பாதி விட்டால் வெளிர்.

அந்தப் பாட்டில் ஜூஸ் பாட்டிலாகவோ சர்பத் பாட்டிலாகவோ இருக்கவே கூடாது. பூட்டுப் போட்ட அலமாரி, பெரியவர்கள் கை மட்டும் எட்டும் உயரம். சாயத்துக்குப் புழங்கிய பானை, கரண்டி, டம்ளர் எதுவும் திரும்ப அடுக்களைக்குள் போகக் கூடாது. பார்த்தவுடன் தெரிகிற மாதிரி எல்லாவற்றின் காதிலும் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். மிச்சத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் கொட்டாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவைப் பிடுங்கிக்கொண்டுபோகிற ஒன்றாகத்தான் இந்த வேலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பூச்சாயம் நல்லது. தோவாளைச் சந்தையில் ஓணத்துக்குக் கிரேந்திப் பூ (துலுக்கச் சாமந்தி) நெருப்பு விலைக்குப் போகும். ஓணம் கழிந்ததும் வாடிய பூ சல்லிசாகக் கிடைக்கும், சாயத்துக்கு அதுவே போதும். இதழைப் பிய்க்கிற வேலையை இளையவனிடம் விட்டுவிடுகிறேன். நூலின் எடைக்கு இரண்டு மடங்கு பூ எடுத்தால் கெட்டியான மஞ்சள் வரும். பதிமுகம் நாம் குடிக்கிற தண்ணீரில் போடுவதுதான், கோட்டாறு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும், ரோஜா நிறம் தரும். கதம்பலை (தேங்காய் மட்டையை) வெட்டி ஊறவைத்துக் காய்ச்சினால் இளம் பழுப்பு. அறுப்பு மில்லில் பலாமரம் அறுத்த தூள் கிடைத்தால் விடாதீர்கள், அதிலும் அழகான மஞ்சள் வரும். சமையல் மஞ்சளை மட்டும் விற்கிற நூலுக்குப் போட வேண்டாம், வெயில் பட்டால் வெளுத்துப்போகும்.

பூச்சாயத்துக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். நம் பக்கம் செம்மண் பூமி, பல கிணறுகளில் இரும்புச் சத்து உண்டு. கடுக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கருத்தால் இரும்பு இருக்கிறது, அந்தத் தண்ணீரில் மஞ்சள் சாயம் போட்டால் பாசி நிறத்துக்குத் திரும்பிவிடும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது, வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள நமக்கு அதற்குக் குறைவில்லை.

வருஷத்தை எப்படி வகுப்பது

கம்பளி நூல் அதிகம் விற்பது செப்டம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை. நமக்கோ அக்டோபர், நவம்பரில் அடைமழை, டிசம்பர் தொடக்கத்தில் சவேரியார் கோயில் திருவிழா, அதன் பின்னாலேயே கிறிஸ்துமஸ். அந்த நேரத்தில் சாயம் போட்டு அந்த நேரத்திலேயே விற்கப் பார்த்தால் வீடும் கெடும், நூலும் காயாது. அதனால் அல்பாக்காவை ஜனவரி முதல் மார்ச் வரை, பள்ளியும் நடக்கிற, வெயிலும் அடிக்கிற காலத்தில் போட்டு முடித்துவிடுகிறேன். ஏப்ரல், மே பிள்ளைகளுக்கு லீவு, அப்போது பருத்தி மட்டும். மழை தொடங்கியபின் சிட்டம் பிரிப்பது, லேபிள் கட்டுவது, பார்சல் போடுவது.

காய வைப்பதிலும் இரண்டும் வேறு. பருத்தியைக் கொடியில் தொங்கவிடலாம். அல்பாக்காவுக்கு ஆட்டுரோமம் போல இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் குறைவு. ஈரத்தோடு தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீண்டுவிடும். வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு (துவைக்கவே கூடாது), நிழலில் பாயில் விரித்துக் காய வையுங்கள். முழுக்கக் காயாமல் பையில் கட்டினால் பூஞ்சை வாடை வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததைக் காய்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் வைப்பது பூச்சிக்கு நல்லது.

ஆர்டரும் காசும்

இன்ன தேதிக்கு இன்ன நிறம் என்று ஆர்டர் பிடிக்காதீர்கள். போட்டு வைத்திருப்பதைப் படம் பிடித்து விற்பதுதான் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒத்துவரும். ஒரு பானையில் வந்த நிறம் மறுபானையில் அச்சாக வராது என்பதால், ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய சிட்டம் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். பழைய நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பானைக்கும் நூல் எடை, சாய அளவு, தண்ணீர் எது என்று எழுதி, ஒரு துண்டு நூலும் கட்டி வைத்தால் கிட்டத்தட்ட அதே நிறத்தைத் திரும்பக் கொண்டுவரலாம்.

போனில் பதில் சொல்வதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வீடு திரும்பியதிலிருந்து அவர்கள் தூங்குகிறவரை நான் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. அதற்காக யாரும் வாங்காமல் போனதும் இல்லை.

விலை போடும்போது நூல், சாயம், கேஸ், பார்சல் எல்லாம் போட்டுவிட்டு உங்கள் கூலியை விட்டுவிடாதீர்கள். உதவுகிறவர் கூலியும் அப்படித்தான். மாமி சாயங்காலத்தில் சிட்டம் சுற்றித் தருவார். சிட்டத்துக்கு இவ்வளவு என்று மாசக் கடைசியில் கையில் கொடுத்தபோது, "எனக்கெதுக்கு மக்களே பைசா?" என்றார். இப்போது அந்தக் காசில் பேரப்பிள்ளைக்கு வாங்கித் தருவதும் காணிக்கை போடுவதும் அவர் இஷ்டம். 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அதில் கிடைத்த கூலியைச் சேர்த்துத்தான் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். நூல் வேலையில் வருகிற கூலி செய்கிறவள் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் அதனால்தான்.

சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவை ஆதாரும் பான் கார்டும் வைத்து ஆன்லைனில் இலவசமாகவே செய்யலாம், யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். களியக்காவிளை தாண்டினாலே நமக்குக் கேரளா. மாநிலம் தாண்டி விற்கும்போது ஜிஎஸ்டி விதி வேறு என்பதால் முதல் பார்சல் அனுப்புமுன் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். தொழிலுக்குத் தனி பாங்க் கணக்கு வையுங்கள், வீட்டுச் செலவோடு கலந்தால் லாபமா நஷ்டமா என்றே தெரியாது.

தொடங்குகிறவர்கள் ஒரு கிலோ பருத்தியோடு தொடங்குங்கள். அதில் ஒரு பள்ளிப் பருவம் ஓட்டிப் பாருங்கள், வீட்டில் எந்த நேரம் உங்களுடையது என்று தெரிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் வாரத்தில் ஒரு நாளாவது உறுதியாகக் கிடைக்கிறது என்றால் அல்பாக்கா 100 கிராம் சிட்டம் மூன்று வாங்கி, முதல் பானையில் ஒன்றை மட்டும் போடுங்கள்.