வீடு மாறிய பிறகு திரையில் படம் வராத கம்பியூட்டர்: என் அனுபவம்

கல்முனையிலிருந்து கல்லடிக்கு வீடு மாறியபோது, நானே பொருத்திய கம்பியூட்டரும் சாமான்களோடு லொறியில் வந்தது. இங்கே போட்டால் பேன் எல்லாம் சுற்றுது, லைட் எரியுது, திரை மட்டும் கறுப்பு.

றாமை (நினைவகத் துண்டை) கழற்றி, ரப்பரால் தேய்த்துப் போட்டேன். பயோஸ் பட்டரி (சிஆர்2032) மாற்றினேன். மச்சானிடம் பவர் சப்ளை இரவல் வாங்கியும் பார்த்தாயிற்று. ஒன்றும் சரிவரவில்லை. மதர்போர்ட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகை) போய்விட்டது என்றார்கள் கடையில்.

உள்ளே வயர்களைப் பார்க்கவென்று பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி பட்டனை அமத்தினேன். படம் வந்துவிட்டது! நிமிர்த்தி வைத்துப் போட்டால் மறுபடி இல்லை. அப்போதுதான் மதர்போர்டின் ஓரத்தில், 'விஜிஏ' என்று எழுதியிருந்த அரிசியளவு லைட்டைக் கண்டேன். நிமிர்த்தினால் மட்டும் எரிகிறது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்பதற்கான அடையாளம் அது.

காரணம் பாரம். பெட்டி கிடக்கும்போது கிராபிக்ஸ் கார்ட் செங்குத்தாக நிற்கும். நிமிர்த்தினால் படுக்கையாகத் தொங்கும். லொறிக் குலுக்கலில் தளர்ந்த கார்டின் முனை அப்போது ஸ்லாட்டை (மதர்போர்டில் அது செருகும் இடத்தை) விட்டு எழும்பிவிடும். என்னுடைய ரைசன் 5 5600 புரொசசர் சிப்பில் உள்ளக கிராபிக்ஸ் (கார்ட் இல்லாமலே படம் தரும் வசதி) கிடையாது. ஆகவே கார்ட் தொடாவிட்டால் படமே இல்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கார்டை வெளியே எடுத்து, ஸ்லாட்டின் கொளுக்கி 'டிக்' என்று விழும்வரை திரும்ப அமத்தினேன். பின்பக்க ஸ்குரூக்களை இறுக்கும்போது கார்டின் மற்ற முனையை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சரிந்தபடியே இறுகிவிடும். அடியில் ஒரு முட்டும் கொடுத்தேன். இப்போது நிமிர்ந்தபடியே ஒழுங்காக வேலை செய்கிறது. பாரமான கார்ட் உள்ளவர்கள் லொறியில் ஏற்றுமுன் அதைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள்.